ஒன்பதாவது பழுது

வீட்டை உள்ளது உள்ளபடி விற்பதில் ஒரு வேலையும் இல்லை என்றுதான் லிஃப்ட்காரர் நினைத்திருந்தார். ஒழுகுவது ஒழுகட்டும், வெடித்த சுவர் வெடித்தபடி கிடக்கட்டும், சாவியைக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விடலாம். எதையும் செய்யாமல் விடுவது அவருக்குக் கைவந்த கலை. சொந்த வீட்டைப் பொறுத்தவரை முப்பத்துநாலு வருஷப் பழக்கம்.

வெளியே அவர் அப்படி இல்லை. ஊரில் பெரிய கட்டடங்களில் ஓடிய லிஃப்ட்டுகளில் பாதி அவர் கையில்தான் இருந்தன. லிஃப்ட்டின் தளமும் மாடியின் தளமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒரு விரல் உயர்ந்தாலும் யாராவது தடுக்கி விழுவார்கள். அந்த ஒரு விரலுக்காகச் சாப்பாட்டை மறந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு குழிக்குள் உட்கார்ந்திருப்பார். ஓய்வு பெற்ற அன்று, இவர் பார்த்த லிஃப்ட்டில் ஒருவர்கூடத் தடுக்கி விழுந்ததில்லை என்று மேடையில் சொல்லி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். ஆறே மாதத்தில் அது நின்றுபோனது. அதையும் அவர் சரிசெய்யவில்லை.

மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. முழங்கால் போய் ஒரு வருஷம். "தனியா அங்க என்னதான் பண்றீங்க? வித்துட்டு வந்துடுங்கப்பா" என்று மகள் வாரம் தவறாமல் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டை வாங்கித் தன் வயதான அப்பாவோடு குடிவர ஒரு நர்ஸும் தயாராக இருந்தாள். பழைய வீடு, நிறையப் பழுது என்று இவர் சொன்னதற்கு, "பரவாயில்ல சார், வந்து மெதுவா பாத்துக்கறோம்" என்றாள். விற்கிறவர், வாங்குகிறவர் இரண்டு பேருக்கும் சம்மதம். அதனால் விஷயம் அலுவலகத்துக்குப் போயிற்று.

வீடுகளை உள்ளது உள்ளபடி விற்க அனுமதி தரும் உள்ளநிலை விற்பனை அலுவலகத்தின் பெயர்ப்பலகை ஒரு பக்கமாகத் தொங்கியது. அதன் கீழே ஒரு சீட்டு: 'பதிவான பழுது, எண் 1. தொடக் கூடாது.' உள்ளே, சுற்றாத மின்விசிறி எண் 4. ஒழுகும் கூரை எண் 7. ஒழுகுவதைப் பிடிக்கிற வாளி எண் 7-அ. லிஃப்ட்காரர் உட்காரப் போனபோது பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினார். நாற்காலிக்கு மூன்று கால்தான். அதற்கும் எண் இருந்தது.

கவுன்ட்டரில் இருந்த அம்மா கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டு, "பழுதுப் பட்டியல் எங்க?" என்றார்.

"எல்லாத்தையும் அப்படியே விட்டுடறேன்மா. பட்டியல் எதுக்கு?"

"எதை விடறீங்கன்னு தெரியாம எப்படி சார் விடுவீங்க?"

கேள்வியில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றியது. அங்கே எல்லாமே முதலில் அப்படித்தான் தோன்றும். படிவத்தில் ஒவ்வொரு பழுதுக்கும் பெயர், வயது, யார் யாருக்குத் தெரியும், ஏன் சரிசெய்யவில்லை என்று நான்கு பத்திகள் இருந்தன.

"ஏன் சரிசெய்யலங்கறதுக்கு மூணு காரணம் இருக்கு சார். நேரமின்மை, ஆள் கிடைக்காமை, பழகிவிட்டது. ஒண்ணைப் போடுங்க. நாலாவதா 'அலட்சியம்'னு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுடாதீங்க. போட்டா வீட்டு ஆள் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். எதுக்கு வம்பு?"

வீட்டுக்கு வந்து அறை அறையாகப் போய் எழுதினார். கூடத்துச் சுவரில் விரிசல். இறுகிப்போன படுக்கையறை ஜன்னல். சொட்டுகிற சமையலறைக் குழாய். தாழ்ப்பாள் இல்லாத குளியலறைக் கதவு. உள்ளே இருப்பவர் பாட வேண்டும் என்பது குடும்ப ஏற்பாடு. இப்படி எட்டு. காரணப் பத்தியில் எட்டுக்கும் 'பழகிவிட்டது' என்று போட்டார். எழுத எழுத ஒன்று புரிந்தது. பழகிக்கொண்டது அவர் இல்லை. அவர் காலையில் போனால் இருட்டித்தான் வருவார். பழகிக்கொண்டதெல்லாம் மனைவிதான். கொல்லைக் கதவை அவர் திறக்கவே இல்லை. இரண்டு வருஷமாக அது பூட்டித்தான் கிடந்தது.

மறுநாள் கவுன்ட்டர் அம்மா பட்டியலை எண்ணிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எட்டுதான் இருக்கு. ஒன்பது இருந்தாத்தான் சார் உள்ளநிலை வீடு. எட்டுன்னா அது சாதா வீடு. சாதா வீட்டை எல்லா ரிப்பேரும் முடிச்சுத்தான் விக்கணும்."

"ஒரு பழுது குறைஞ்சதுக்காக எட்டு பழுதையும் சரிபண்ணணுமா?"

"நாங்க என்ன சார் பண்றது? உங்க வீடு போதுமான அளவுக்குக் கெடலயே." அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "கவலைப்படாதீங்க. ஆய்வாளரை அனுப்பறோம். அவர் கண்ணுக்குத் தப்பாது."

பழுது ஆய்வாளர் காலை ஒன்பதரைக்கு வந்தார். வாங்குகிறவர் முன்னிலையில்தான் ஆய்வு என்பது விதி என்பதால் நர்ஸும் வந்திருந்தாள். கைத்தடியோடு அவளுடைய அப்பா. ஆய்வாளர் வேலையை ரசித்துச் செய்கிறவர். கூடத்து விரிசலைப் பார்த்ததும் தடவிக் கொடுத்தார். "அருமையான விரிசல் சார். மேல இருந்து கீழ வரைக்கும் எங்கயும் நிக்காம வந்திருக்கு. இப்பல்லாம் இந்த மாதிரி வர்றதில்ல."

சமையலறையில் அவர் முகம் மாறியது. குழாய் சொட்டியது, ஆனால் சத்தம் இல்லை. குழாயின் வாயில் ஒரு துணி நாடா கட்டியிருந்தது. நீலப்பூப் போட்ட பழைய தலையணை உறையிலிருந்து கிழித்தது. தண்ணீர் அதன் வழியே இறங்கித் தொட்டிக்குள் அரவமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"இது யார் கட்டினது?"

"என் மனைவி. சில வாரம் ராத்திரி டியூட்டி வரும், நான் பகல்ல தூங்குவேன். சொட்டற சத்தம் கேக்கக்கூடாதுன்னு."

"இது பழுதும் இல்ல, பழுதுபார்த்ததும் இல்ல. ரெண்டுங்கெட்டான். செல்லாது." ஆய்வாளர் முடிச்சை அவிழ்த்து, நாடாவைப் பிழிந்து, ஓர் உறையில் போட்டு 'சான்றுப் பொருள்' என்று எழுதி ஒட்டினார். குழாய் டொக், டொக் என்று சொட்ட ஆரம்பித்தது. பதினைந்து வருஷத்தில் அந்தச் சத்தத்தை லிஃப்ட்காரர் அன்றைக்குத்தான் முதலில் கேட்டார்.

"அந்தக் கதவு ஏன் பூட்டியிருக்கு?" என்றார் ஆய்வாளர்.

சாவியைக் கொடுக்காமல் இருக்க வழி தெரியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் கொல்லைக்கு இறங்க மூன்று படிகள். ஆய்வாளர் மூன்றாவது படியின் ஓரத்தை ஷூவால் அழுத்தினார். படி ஒரு பக்கம் தூக்கி, தடக் என்று உட்கார்ந்தது. மறுபடி அழுத்தினார். தடக். அவர் முகம் பூவாய் மலர்ந்தது. "ஒன்பது! இவ்வளவு நல்ல பழுதை வெச்சுக்கிட்டா சார் எழுதாம விட்டீங்க?"

நர்ஸின் அப்பா வெயிலைப் பார்த்த சந்தோஷத்தில் கைத்தடியை ஊன்றி இறங்க ஆரம்பித்திருந்தார்.

"மிதிக்காதீங்க!"

லிஃப்ட்காரர் போட்ட கத்தலில் பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். நர்ஸ் ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க குடிவந்ததும் இதைத்தான் சார் முதல்ல சரிபண்ணுவோம்."

"பண்ணக்கூடாதும்மா" என்றார் ஆய்வாளர் அன்பாக. "உள்ளது உள்ளபடி வாங்கினவங்க மூணு வருஷம் உள்ளது உள்ளபடி வெச்சிருக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை நானே வந்து பழுதெல்லாம் நல்லா இருக்கான்னு பாப்பேன்."

அந்தப் படி ஆட ஆரம்பித்துப் பதினோரு வருஷம். "என்னங்க, மூணாவது படி ஆடுது" என்றாள் மனைவி. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றார் அவர். பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள். இரண்டாவது படியிலிருந்து நேரே மண்ணுக்கு ஒரு எட்டு எட்டி வைத்து இறங்கப் பழகினாள். விடுமுறைக்கு வரும் மகளும் அப்படியே பழகினாள். ஒன்பது வருஷம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் துவைத்த துணிக் கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கூடை மறைத்ததில் கால் படியில் பட்டுவிட்டது. அவர் உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தடக் என்ற சத்தம் அவருக்குக் கேட்டது.

இடுப்பு எலும்பு போயிற்று. எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது அவள் இவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "தலை சுத்திடுச்சு டாக்டர்" என்றாள். அவர் பக்கத்திலேயே நின்றார், வாயைத் திறக்கவில்லை. நாற்பது நாள் படுத்திருந்து அவள் போய்ச் சேர்ந்தாள். தலை சுற்றியதாகவே எல்லாரும் நம்பினார்கள், மகள் உட்பட.

அந்தப் படியை மட்டும் சரிசெய்ய அனுமதி கேட்டு அவர் பெரிய அதிகாரியைப் பார்க்கப் போனார். அதிகாரியின் மேசைக்கு நேர் மேலேயும் கூரை ஒழுகியது. பேசிக்கொண்டே, மேலே பார்க்காமலேயே, துளி விழும் நேரத்துக்குச் சரியாகத் தேநீர்க் குவளையை நகர்த்தி நகர்த்தி வைத்தார். நல்ல பயிற்சி.

"முன்னெல்லாம் ஜனங்க என்ன சார் பண்ணாங்க? கண்ட நேரத்துல கண்டதை ரிப்பேர் பண்ணாங்க. ஒரு ஒழுங்கு கிடையாது. நேத்து இருந்த விரிசல் இன்னைக்கு இருக்காது. மனுஷன் எதை நம்பறது? இந்த அலுவலகம் வந்து பதினாறு வருஷம். எங்க பொறுப்புல ஒரு பழுது காணாமப் போனதுன்னு யாராவது சொல்லட்டும் பாப்போம். ஒண்ணைக்கூட நாங்க சரிபண்ணல சார். நெஞ்சுல கை வெச்சு சொல்றேன், ஒண்ணைக்கூட."

"அந்தப் பெரியவர் விழுந்துட்டா?"

"எழுதித் தெரிவிக்கட்டும். விழறதுக்கும் படிவம் இருக்கு." குவளையை நகர்த்தினார். "அது சரி, பதினோரு வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப மட்டும் என்ன சார் அவசரம்?"

அந்த அலுவலகத்தில் அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் அது ஒன்றுதான் சரியான கேள்வி. எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் அரை மூட்டை சிமென்ட் வாங்கினார். பழைய வேலைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு மண்டியிட்டார். படியைப் பெயர்த்து, அடியில் அரித்துப்போயிருந்த மண்ணை வழித்து, ஜல்லி போட்டு இடித்து, கலவை பரப்பி, படியைத் திரும்ப உட்கார வைத்தார். ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவில் நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆரம்பிக்கும்போது பத்து மணி. இப்போது பத்து நாற்பது.

நாற்பது நிமிஷம். ஒன்பது வருஷத்தில் நானூறுக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைகள் வந்துபோயின. அதில் ஒன்றில் ஒரு நாற்பது நிமிஷம் அவருக்கு இல்லாமல் போயிற்று. சிமென்ட் கையோடு கொல்லை மண்ணிலேயே உட்கார்ந்து, அவள் இறந்த அன்றுகூட அழாத மனிதர் வாய்விட்டு அழுதார்.

திங்கட்கிழமை ஆய்வாளர், சாவி கைமாறுமுன் பழுதுகளை ஒரு தடவை நலம் விசாரிக்க வந்தார். மூன்றாவது படியை அழுத்தினார். ஏறி நின்றார். மூன்று தடவை குதித்தார். பிறகு தொலைந்த பிள்ளையைத் தேடுகிறவர்போலத் திரும்பினார். "என் பழுது எங்க சார்?"

அலுவலகத்தில் பெரிய கலவரமாகிவிட்டது. பதிவான பழுதை வீட்டுக்காரரே ரிப்பேர் செய்தது பதினாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பெரிய அதிகாரி உத்தரவு போட்டார்: வியாழக்கிழமை மறுசேதப் பணியாளர் உளியோடு வந்து படியை முன்பு ஆடிய அளவுக்கே ஆடச் செய்வார், கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

"வேற வழியே இல்லையாம்மா?" என்று கவுன்ட்டரில் கெஞ்சினார் லிஃப்ட்காரர்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணு இருக்கு. பழுது அதோட வேலையை முடிச்சிடுச்சுன்னு காட்டினா, அது முற்றுப்பெற்ற பழுது. அப்புறம் அது பட்டியல்ல இருந்தாப் போதும், வீட்டுல இருக்க வேண்டியதில்ல."

"வேலையை முடிச்சிடுச்சுன்னா?"

"ஆள் போயிருக்கணும் சார். அதெல்லாம் லேசுல கிடைக்காது." லிஃப்ட்காரர் முகத்தைப் பார்த்ததும் துடைப்பதை நிறுத்தினார். ஒரு படிவத்தை எடுத்துத் தள்ளினார். குரல் தாழ்ந்துவிட்டது. "இதுல காரணம் 'அலட்சியம்'னு மட்டும்தான் போடணும். மத்த மூணும் இங்க செல்லாது. சாட்சிக் கையெழுத்து, போனவங்களுக்கு நெருங்கின சொந்தமா இருக்கணும்."

நெருங்கின சொந்தம் ஒன்றுதான் உண்டு. விஷயம் என்னவென்று சொல்லாமல், ஒரு கையெழுத்து வேண்டும் என்று மட்டும் போனில் சொன்னார். மகள் புதன்கிழமை மத்தியானம் வந்தாள். சமையலறையில் வைத்துத் தாளைக் கொடுத்தார். அவள் நின்றுகொண்டே படித்தாள். முடித்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தாள்.

"தலை சுத்திடுச்சுன்னுதானே அம்மா சொன்னா?"

"ஆமா."

"நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

குழாய் சொட்டியது.

"தலைசுத்தலுக்கு எத்தனை டெஸ்ட் எடுத்தாங்க. அந்த மெஷினுக்குள்ள போக அவ எவ்வளவு பயந்தா. என் கையை விடவே இல்ல. அப்பவாவது சொல்லியிருக்கலாமேப்பா. படிதான்னு ஒரு வார்த்தை."

அவரால் தலையை நிமிர்த்த முடியவில்லை. 'நேரமின்மை' என்று வாயில் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

"அந்தப் படியை இப்ப யாரு சரிபண்ணாங்க?"

"நான்தான்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

அரைநாள் என்று சொல்லியிருக்கலாம். ரொம்பக் கஷ்டமான வேலை என்று சொல்லியிருக்கலாம். "நாப்பது நிமிஷம்" என்றார்.

அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்தது. பிறகு குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுல அம்மா ஒரு துணி கட்டியிருப்பாளே?"

"எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அதற்கப்புறம் அன்று முழுவதும் அவள் அவரோடு பேசவில்லை. சாமான்களைக் கட்டினாள், சத்தமில்லாமல்.

சாயங்காலம் அவர் படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கவுன்ட்டர் அம்மா கிழிசலைத் தொட்டுப் பார்த்தார். "கையெழுத்துல கிழிஞ்சிருக்கே சார்."

"உள்ளது உள்ளபடி வாங்கிக்கங்கம்மா."

அவர் வேறு எதுவும் கேட்காமல் முத்திரை குத்தினார்.

வியாழக்கிழமை காலையில் சாவி கைமாறியது. உத்தரவு ரத்தானது தெரியாமல் மறுசேதப் பணியாளரும் உளியோடு வந்துவிட்டார். படியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல வேலை சார். உடைச்சிருந்தா மனசு கஷ்டமாயிருக்கும்" என்று உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த அலுவலகத்திலேயே தொழில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

வண்டி கொல்லைப்புறச் சந்தில் நின்றது. நர்ஸின் அப்பா எல்லாருக்கும் முன்னால் கொல்லைப்படியில் இறங்கினார். ஒன்று, இரண்டு. மூன்றாவது படியில் கைத்தடியைத் தட்டிப் பார்த்தார், இரண்டு காலையும் வைத்து நின்றார், வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார், பிறகு சாவகாசமாகக் கொல்லைக்குள் நடந்தார். லிஃப்ட்காரர் அதைக் கடைசிவரை பார்த்தார்.

அப்புறம் அவர் இறங்கினார். ஒன்று, இரண்டு. அங்கே அவர் கால் அவரைக் கேட்கவில்லை. முழங்கால் உயிர்போக வலிக்க, மூன்றாவது படியைத் தாண்டி எட்டி மண்ணில் வைத்தது.

சாவி கைமாறுவதைப் பார்க்க வந்திருந்த ஆய்வாளர் சட்டென்று நோட்டைத் திறந்தார். "நல்லா இருக்கிற படியைத் தாண்டறாரே. இதை எந்தப் பத்தியில எழுதறது?"

லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்தார். மகள் பெட்டியோடு இரண்டாவது படியில் நின்றுகொண்டிருந்தாள், அவளுடைய அம்மா நிற்பதுபோலவே, ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு.

"மிதிக்கலாம்மா" என்றார். "இப்ப ஆடாது."

"தெரியும்" என்றாள் அவள். கதவு நிலையை விட்டுவிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, படியைத் தாண்டி இறங்கினாள்.